தளர்நடைப் பருவம்: உடலியக்கம், உறக்கம், திரைநேரம், எடை

1 வயது நிறைந்து 3 வயதை எட்டாத குழந்தைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பவை:

• உடலியக்கம்: நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள். நடத்தல், ஓடுதல், படியேறுதல் அனைத்தும் இதில் அடங்கும்.
• உறக்கம்: பகல் உறக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரம்.
• திரைநேரம்: 2 வயது நிறையும்வரை வேண்டாம், அதன்பின் 1 மணி நேரத்திற்கு மிகாமல்.

உணவூட்டும்போது

கைபேசியைக் காட்டி உணவூட்டாதீர்கள். திரையில் ஆழ்ந்த குழந்தை வயிறு நிறைந்ததை உணராமல் உண்ணக்கூடும். வாயை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ ஊட்டுவதை நிறுத்துங்கள்.

எடையைக் கண்காணித்தல்

கொழுகொழுவென்ற தோற்றம் மட்டுமே ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று. அங்கன்வாடி மையத்தில் எடையையும் உயரத்தையும் அளந்து, வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். எடை மிகுந்திருந்தாலும், மருத்துவரின் ஆலோசனையின்றிக் குழந்தையின் உணவைக் குறைக்காதீர்கள்.