சாரல் காற்றும் மின்விசையும்

குற்றாலத்திற்கு வருவோர் அருவியை அண்ணாந்து பார்ப்பர், சாரலில் நனைவர், அச்சாரலைச் சுமந்துவரும் காற்றை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் பெருமழையைப் பொழிந்துவிட்டு, செங்கோட்டைக் கணவாயின் வழியே கிழக்கு நோக்கி விரைகிறது. எஞ்சிய ஈரம் சாரலாகிச் சிற்றாற்றை நிறைக்கிறது. ஈரம் இழந்த காற்றோ ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுரண்டை என வெளிநிலங்களில் புழுதி கிளப்பிச் செல்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. நெல் தூற்றுவதற்கு உதவிய அக்காற்று, வாழை பயிரிட்டோருக்குப் பகையாகவே இருந்துவந்தது. அது ஒருநாள் விலை பெறும் பொருளாகும் என எவரும் கருதியதில்லை.

இம்மலைத்தொடரில் முதலில் விசை தந்தது காற்று அன்று, நீரே. 1880களில் ஹார்வி நிறுவனத்தார் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை அமைத்ததற்குப் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையே காரணம். பைக்காரா, மேட்டூர் நிலையங்களை அடுத்து, 1944இல் பாபநாசம் புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சுழலியைச் சுழற்றிய அதே நீர் பின்னர் தாமிரபரணிக் கால்வாய்களில் பாய்ந்து வயலையும் நனைத்தது. இதனினும் சிக்கனமான ஏற்பாடு வேறொன்றைக் காண்பது அரிது. ஆயினும் அணையின் நீர்மட்டம் மழையைப் பொறுத்தது. மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும்.

1957இல் சென்னை மாநில மின்சார வாரியம் தோன்றியது. சிற்றூர்களுக்கு மின்கம்பிகள் சென்றன. கமலைகள் ஓய்ந்து பம்புசெட்டுகள் ஒலித்தன. புனல்மின்சாரம் போதாமற்போகவே, 1979இல் தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. மின்வழங்கல் மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கியது எனலாம்.

காற்றின் முறை அதன் பின்னரே வந்தது. மலைக்கு அப்பால் பீர்மேட்டில் பிறந்த வானிலை அறிஞர் அன்னா மாணி, பணி ஓய்வுக்குப் பின் நாட்டின் காற்றுவளத்தை அளந்து தொகுத்தார். 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. கயத்தாறும் பின்தொடர்ந்தது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். கணவாய்களின் அருமை இக்கணக்கில்தான் இருக்கிறது. முதலில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலும், பின்னர் செங்கோட்டைக் கணவாயின் கீழ்ப்புறமும் வெண்ணிறத் தூண்களால் நிறைந்தன. இதில் காற்றைவிட வருமானவரிச் சட்டத்திற்குப் பங்கு மிகுதி என்று சொன்னாலும் தவறில்லை. இயந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற 1990களின் சலுகையே நூற்பாலை உரிமையாளர்களை இப்பொட்டல் வெளிகளுக்கு அழைத்துவந்தது.

அவர்கள் இங்கே விளைவித்த யூனிட்டுகளைத் தொலைவிலுள்ள தம் ஆலைகளில் கணக்கிட்டுக்கொள்ள வாரியம் இசைந்தது. பருவத்தில் மிஞ்சியதை வரவில் வைத்து, காற்றற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. குதிரில் இட்ட நெல் அங்கேயே கிடக்கும். மின்கம்பியில் விட்ட மின்சாரம் அப்படிக் கிடப்பதில்லை. ஆடியில் வாங்கியதை மாசியில் திருப்பித் தர, வாரியம் வேறெங்கோ அதிக விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. வாரியம் இதனைச் சுமை என்றது. ஆலையினர் தம் முதலீட்டின் உயிர்நாடி என்றனர். இவ்வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 2018 மார்ச்சுக்குப் பின் இயங்கத் தொடங்கிய காற்றாலைகளுக்கு இவ்வசதி இல்லை என்றாயிற்று.

இவ்வரலாற்றின் கசப்பான பக்கம் 2008ஐ அடுத்த ஆண்டுகளில் எழுதப்பட்டது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. காற்றாலையின் நிழல் விழும் ஊர்களும் அதற்கு விலக்கல்ல. மாணவர் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து வைத்தனர்; மாவு அரைவை நிலையங்கள் மின்சாரம் வரும் வேளைக்குக் காத்திருந்தன. காற்று மிகுந்த நாட்களிலோ, விளைந்ததை ஏற்றிச்செல்லப் போதிய மின்தடங்கள் இன்மையால் சுழலிகளை நிறுத்துமாறு பணிக்கப்பட்டதும் உண்டு. தூண்களை நடுவதில் காட்டிய விரைவைக் கம்பிகளை இழுப்பதில் எவரும் காட்டவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாகத் தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் ஏனைய பகுதியோடு இணைந்த பின்னரே, மிகுந்ததை வெளியே அனுப்பவும் குறைந்ததைப் பெறவும் பாதை விரிந்தது.

அதன்பின் கூடங்குளம் அணுமின் நிலையம் 2014 இறுதியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. தமிழகத்தின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துள்ளது. எனினும் ஆண்டு முழுவதும் விளையும் காற்று மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே கிடைக்கிறது.

2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. காற்று மிகுந்த இடங்களை முதலில் பிடித்தவை பழைய சிறு இயந்திரங்களே. அவற்றைப் புதுப்பிக்கவோ பெரியனவற்றால் மாற்றவோ வகைசெய்யும் கொள்கையை அரசு 2024இல் வெளியிட்டது. ஒரு பெரிய சுழலி பல சிறியவற்றின் வேலையைச் செய்யும். ஆனால் அதன் இறகு சுழல இடைவெளியும் அதிகம் வேண்டும். அடுத்தடுத்த மனைகளில் வெவ்வேறு உரிமையாளரின் தூண்கள் நெருங்கி நிற்கும் இவ்வெளியில், யார் தம் தூணைக் கழற்றி யாருக்கு வழிவிடுவது என்பதே இப்போது எழுந்துள்ள பேச்சு.