வெயில் ரெடி, வாங்குவது யார்?

நம்ம ஊர் வெயிலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. அப்புறம் ஏன் இந்தியாவின் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னமும் நிலக்கரியில் இருந்தே வருது? "சோலார் காஸ்ட்லி" என்பது பழைய பதில். அது 2017-லேயே காலாவதி ஆயிடுச்சு. உண்மையான பதில் பழைய ஒப்பந்தங்களுக்குள்ள இருக்கு.

1774-இல், கிழக்கிந்திய கம்பெனி காலத்தில், வங்காளத்தின் ராணிகஞ்சில் நிலக்கரி தோண்ட ஆரம்பிச்சாங்க. 1970-களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆச்சு. 1975-இல் கோல் இந்தியா வந்தது. ஆனா நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1992. மத்திய அரசின் அனல்மின் நிலையங்களுக்கு அப்போதான் இரண்டு பாக விலை முறை வந்தது. ஒரு பாகம் எரிபொருள் செலவு. எடுத்த யூனிட்டுக்கு மட்டும் கட்டினால் போதும். இன்னொரு பாகம் நிலைக்கட்டணம். மின்நிலையம் ஓடத் தயாரா இருந்தாலே, மின்சாரம் எடுக்காவிட்டாலும் கட்டணும்.

ஹாஸ்டலில் இருந்தவங்களுக்கு இது உடனே புரியும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மெஸ் பில் வரும். அந்தப் பில்லையும் கட்டிட்டு, வெளியே போய் பிரியாணி சாப்பிட எத்தனை பேரால முடியும்? நம்ம மாநில மின்வாரியங்கள் இந்த மாதிரி 25 வருஷ மெஸ் கார்டுகளை வரிசையா கையில வச்சிருந்தாங்க.

அந்த நேரத்தில்தான் சோலார் வருது. 2010 ஜனவரியில் தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கியது. 2022-க்குள் 20 ஜிகாவாட் என்பது இலக்கு. அப்போ மத்திய ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு 17.91 ரூபாய். அதே வருஷக் கடைசியில் நடந்த ஏலத்தில் 10.95-க்கு ஆள் வந்தாங்க. 2015-இல் இலக்கை 100 ஜிகாவாட்டாக உயர்த்தினாங்க. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாட்லாவில் விலை 2.44 ரூபாய். ஏழே வருஷத்தில்!

இந்த விலைச் சரிவு எல்லாருக்கும் நல்ல செய்தி இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் திறந்தாங்க. அப்போ ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சோலார் நிலையம் அதுதான். ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். அடுத்த வருஷமே பாட்லா விலை வந்தப்போ, மின்வாரியக் கணக்கில் அது எப்படித் தெரிஞ்சிருக்கும்?

சோலாருக்கு 'மஸ்ட் ரன்' என்று ஒரு பாதுகாப்பு உண்டு. கிரிட்டுக்கு ஆபத்து வந்தால் தவிர, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லக்கூடாது. ஆனா தமிழ்நாட்டில் "குறைங்க" என்ற உத்தரவு திரும்பத் திரும்ப வந்தது. சோலார் நிறுவனங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது இதுதான்: இந்தக் குறைப்புகள் கிரிட் பாதுகாப்புக்காக இல்லை, வணிகக் காரணத்துக்காக, இழப்பீடு கொடுங்க. ஆந்திராவில் 2019-இல் புதிய அரசு பழைய ஒப்பந்தங்களின் விலையையே குறைக்கப் பார்த்தது. உயர் நீதிமன்றம் 2022-இல்தான் அதைத் தடுத்தது.

அப்போ மின்வாரியம்தான் வில்லனா? அவ்வளவு சிம்பிள் இல்லை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம், வீடுகளுக்கு மானியம். இந்தச் செலவில் ஒரு பங்கு, தொழிற்சாலைகளும் கடைகளும் கட்டும் அதிகக் கட்டணத்தில் இருந்து வருது. அவங்க மொட்டை மாடியில் பேனல் போட்டால், வாரியம் தன் நல்ல கஸ்டமரையே இழக்குது. 100 ஜிகாவாட் இலக்கில் 40 கூரைகளில் இருந்து வரணும். 2022 முடிஞ்சப்போ 10-ஐக்கூடத் தொடலை. மொத்தமே 63 ஜிகாவாட் அளவில்தான் நின்றது.

100-ஐத் தாண்டியது 2025 ஜனவரியில். ஆனா அதே வருஷம், ஏலத்தில் ஜெயித்தும் வாங்க ஆள் கையெழுத்துப் போடாத புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்கள் 40 ஜிகாவாட்டுக்கு மேல் தேங்கி நின்றன. காரணமும் நியாயமானதுதான். மதியம் சோலார் கொட்டுது. வாரியத்துக்கு இப்போ தேவை சாயங்காலம் ஏழு மணி மின்சாரம். அந்த நேரத்தில் பேட்டரி இல்லைன்னா, கை நீளுவது மறுபடி நிலக்கரிப் பக்கம்தான்.

பேனல் விலையை உலகச் சந்தை குறைச்சுக் கொடுத்தது. பழைய ஒப்பந்தங்களையும் மானியக் கணக்கையும் நாமதான் சரி பண்ணணும். அதனால அடுத்த தடவை ஒரு மெகா சோலார் அறிவிப்பைப் பார்த்தால், எத்தனை ஜிகாவாட் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீங்க. யார் வாங்குறாங்க, எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு என்று தேடுங்க. அந்த மூணுக்கும் பதில் இல்லைன்னா, அது இன்னும் அறிவிப்பு மட்டும்தான்.