கால்-கை வலிப்புள்ள குழந்தைகளுக்கான செவிலியப் பராமரிப்பு

கால்-கை வலிப்புள்ள குழந்தைகளுக்கான செவிலியப் பராமரிப்பு என்பது குழந்தை நரம்பியல் செவிலியத்தின் ஒரு பகுதியாகும். வலிப்பின்போது குழந்தையைக் காத்தல், கண்டவற்றைப் பதிவு செய்தல், மருந்து கொடுத்து அதன் விளைவுகளைக் கவனித்தல், பெற்றோரைப் பயிற்றுவித்தல் ஆகியன இதில் அடங்கும். மூளை நரம்பணுக்களில் மின்தூண்டல் ஒரே நேரத்தில் மிகையாக எழுவதால் வலிப்பு உண்டாகிறது. வழக்கில் இந்நோய் காக்காய் வலிப்பு எனப்படும். எனினும், எல்லா வலிப்புகளிலும் கை, கால்கள் வெட்டி இழுப்பதில்லை.

நோக்கலும் பதிவும்

மருத்துவர் வலிப்பை நேரில் காண்பது அரிது. இரு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் எடுக்கப்படும் மூளை மின்னலை வரைவு (ஈ.ஈ.ஜி.) இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே அருகிலிருந்த செவிலியரோ தாயோ தரும் விவரமே நோயறிதலுக்கு முதன்மையான சான்றாகிறது. "வலிப்பு வந்தது" என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பால் பயன் சிறிதே. தொடங்கிய நேரம், முதலில் அசைந்த உறுப்பு, தலையும் கண்களும் திரும்பிய பக்கம், பெயர் சொல்லி அழைத்தபோது குழந்தை நோக்கியதா என்பது, உதட்டின் நிறம், முடிந்த நேரம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். வலிப்பு ஒரு கையில் தொடங்கிப் பின் உடல் முழுதும் பரவியிருந்தால், மூளையின் ஒரு பகுதியில் அது தோன்றியிருக்கலாம் என அறியலாம். வலிப்புக்குப் பின் ஒரு பக்கம் சிறிது நேரம் வலுவிழந்து காணப்படுவதும் இத்தகைய தடயமே. கைப்பேசியில் எடுத்த நிகழ்படமும் பெரிதும் உதவும்.

எளிதில் தவறவிடப்படும் சில வகைகள் உண்டு. பச்சிளங்குழந்தையின் கை நடுங்கினால் அதை மெல்லப் பற்றிப் பார்க்க வேண்டும். வெறும் நடுக்கமாயின் நின்றுவிடும், வலிப்பாயின் நிற்காது. பள்ளிச் சிறுவர் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நிகழாததுபோல் எழுதத் தொடங்குவதும் வலிப்பாக இருக்கலாம். இவர்கள் கவனமற்றவர் என ஆசிரியரிடம் ஏச்சு வாங்குவதுண்டு. கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, கைகளை மடக்கி, அடுத்தடுத்துத் துணுக்குறுவது வயிற்றுவலி எனப் பெரும்பாலும் தவறாகக் கருதப்படுகிறது. இதனை வில்லியம் சேம்சு வெசுட்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் 1841இல் தம் மகனிடம் கண்டு விவரித்தார். இவ்வகையில் சிகிச்சை தாமதமானால் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றக்கூடும். எனவே ஐயம் எழுந்த அன்றே மருத்துவரிடம் தெரிவிப்பது செவிலியரின் கடமையாகும்.

வலிப்பின்போது

குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, கழுத்தருகே உள்ள உடையைத் தளர்த்தி, தலைக்கடியில் மெத்தென்ற துணி வைக்க வேண்டும். கை, கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ விரலோ நுழைத்தலும், நீர் புகட்டலும் தீங்கானவை. கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுவதால் சாவிக்கு அப்பெருமை போய்ச் சேர்ந்தது எனலாம்.

கை, கால்கள் விறைத்து இழுக்கும் வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தால் அவசரநிலையாகக் கருதி மருந்து கொடுக்கப்படும். மருத்துவமனையில் லோராசிபாம் போன்றவை நரம்பு வழியாகச் செலுத்தப்படுகின்றன. நரம்பில் ஊசி ஏற்ற இயலாதபோது மிடாசோலத்தைக் கன்னத்தின் உட்புறத்திலோ மூக்கிலோ, டயசிபாமை மலக்குடல் வழியாகவோ கொடுக்கலாம். அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால், குழந்தை சேர்க்கப்படும்போதே எடையைக் குறித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். இம்மருந்துகள் மூச்சைக் குறைக்கக்கூடியவை. ஆக்சிசனும் உறிஞ்சு கருவியும் கட்டிலருகே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். குருதிச் சர்க்கரையையும் உடனே பார்க்க வேண்டும்.

மருந்துகள்

நரம்பு வழி பெனிட்டோயின் உப்புநீர்க் கரைசலில்தான் கலக்கப்படுகிறது. குளுக்கோசுக் கரைசலில் அது படிவாகிவிடும். வேகமாகச் செலுத்தினால் இதயத்துடிப்பு பாதிக்கப்படும். வாய்வழி நீர்ம மருந்தில் வேறொரு இடர் உள்ளது. புட்டியை நன்கு குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் நாட்களில் குறைவாகவும் இறுதி நாட்களில் மிகையாகவும் குழந்தைக்குச் சேரும். தள்ளாட்டம், கண்மணி ஆட்டம் ஆகியவை மிகையின் அறிகுறிகள். எந்த வலிப்படக்கி மருந்தையும் திடீரென நிறுத்தினால் நீடித்த வலிப்பு நேரலாம். "வலிப்பு நின்றுவிட்டதே" எனப் பெற்றோர் தாமே நிறுத்திவிடுவது அடிக்கடி நிகழ்வதாகும். வீடு திரும்புமுன் இதைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும்.

வீட்டில்

குழந்தை குளிக்கையில் கதவை உட்புறம் தாழிடக் கூடாது. கிணறு, குளம் ஆகியவற்றில் தனியே இறங்க விடலாகாது. மற்றபடி பள்ளிக்கும் விளையாட்டுக்கும் தடையில்லை. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், தலையில் வெந்நீர் ஊற்றும்போது தோன்றும் ஒருவகை வலிப்பு மிகுதியாகப் பதிவாகியுள்ளது. இக்குழந்தைகளுக்கு நீரின் சூட்டைக் குறைப்பதும், தலையில் நீரைக் கொட்டாமல் ஈரத்துணியால் துடைப்பதும் முதற்படியாகக் கற்பிக்கப்படுகின்றன.