ஹீமான்கஸ் புழுத்தொற்றும் நுண்தாது இழப்பும்

ஹீமான்கஸ் கன்டார்ட்டஸ் என்பது செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு. இரத்தம் நிறைந்த குடலும் வெண்ணிறச் சூல்குழலும் முறுக்கிக் கிடப்பதால் பெண்புழுவில் சிவப்பு, வெள்ளை வரிகள் தெரியும். புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. இரத்தம் இழக்கப்படுகிறது, 5,000 புழுக்கள் இருந்தால் இழப்பு 250 மி.லி. இரத்தத்துடன் இரும்பும் வெளியேறுவதால் உடலின் இருப்பு கரைந்து சோகை முற்றும். கீழிமையின் உட்புறம் வெளுக்கும். புரத இழப்பால் தாடைக்கடியில் நீர் கோக்கும். இரைப்பையின் அமிலத்தன்மை குறைவதால் தாமிரம் உறிஞ்சப்படுவதும் குன்றும். தாமிர ஆக்சைடு கம்பித்துகள் அடங்கிய குளிகை இப்புழுக்களைக் குறைக்கும். ஆனால் செம்மறியின் கல்லீரலில் தாமிரம் எளிதில் தேங்கி நஞ்சாகும். தீவனத்திலுள்ள தாமிர அளவை அறியாமல் குளிகையைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.