வடிவமைப்பு

வடிவம், அமைப்பு என்னும் இரண்டும் சேர்ந்த சொல். ‘அமை’ என்ற வினைக்குப் பொருந்துதல், ஏற்றதாதல், நிறைவுறுதல் என்றெல்லாம் பொருள் உண்டு. ‘வடிவு’ உருவத்தையும் அழகையும் குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சில் அழகு என்ற பொருள் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஈழத்தமிழர் பேச்சிலோ அது உயிரோடு இருக்கிறது: ‘வடிவான பிள்ளை’ என்றால் அழகான பிள்ளை, ‘வடிவாப் பார்’ என்றால் நன்றாக, கவனமாகப் பார். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இந்த வழக்கை நாள்தோறும் கேட்கலாம்.

அதே ஸ்கார்பரோவில்தான் 1979-இல் தொடங்கிய ‘அம்ப்ரா’ என்னும் வீட்டுப்பொருள் நிறுவனத்தின் தலைமையகமும் உள்ளது. முதலில் விற்றது சன்னல் திரை. லத்தீனில் ‘அம்ப்ரா’ என்றால் நிழல். இந்த நிறுவனத்துக்காக, கனடாவில் வளர்ந்த கரீம் ரஷீத் 1990களில் ‘கார்போ’ என்ற குப்பைக்கூடையை வடிவமைத்தார். சாதாரண பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்தான். வளைந்த உடல், விளிம்போடு இணைந்த கைப்பிடிகள். மூலையில் மறைத்து வைக்கும் பொருளை மக்கள் விரும்பி வாங்கினார்கள், லட்சக்கணக்கில் விற்றது. விலையும் எளியோருக்கு எட்டியது. உருவம், அழகு, பொருத்தம் மூன்றும் அதில் கூடியிருந்தன.

விற்பனைக்காக மேலே பூசும் மினுக்குக்கு ‘வடிவமைப்பு’ என்ற சொல் பொருந்தாது. அதற்கு ‘ஒப்பனை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.