விளையாட்டுக்கு ஓர் இலக்கணம்

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். கணனி விளையாட்டுகளின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது, நேயர்களே.

1980 அளவில், கலிபோர்ணியப் பல்கலைக்கழக மாணவரான மைக்கேல் டோய், கிளென் விச்மன் ஆகியோர் 'றோக்' என்னும் விளையாட்டை ஆக்கினர. ஆடுந்தோறும் நிலவறை எழுமாற்றாகப் புதிதாய் அமையும். வீரன் இறந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இதன் வழியில் பல விளையாட்டுகள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் அவற்றுக்கு 'றோக்லைக்', அதாவது 'றோக் போன்றது' என்ற பெயர் வழங்கலாயிற்று.

பெயர் ஓர் உடன்படிக்கையாயிற்று. அதைக் கேட்டவர் தோல்வியின் கடுமைக்கு ஆயத்தமாகவே வந்தனர். ஆக்குவோருக்கு விளக்கம் சொல்லும் வேலை குறைந்தது.

2008 இல் பேர்லினில் கூடிய ஆக்குநர்கள் இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தனர்: முறைவைத்து ஆடல், கட்டங்களில் நகர்தல் முதலியன. அதே ஆண்டில் டெரெக் யூவின் 'ஸ்பெலங்கி' வெளிவந்தது. எழுமாற்றுக் குகையும் மீளா இறப்பும் அதில் உண்டு. ஆனால் முறைவைத்தல் இல்லை, ஓடிப் பாய வேண்டும். இத்தகையவற்றுக்குப் பழைய பெயரைத் தர ஒருசாரார் மறுத்தனர். 'றோக்லைட்' என்ற புதுப்பெயர் பிறந்தது.

சில கூறுகள் குறைந்தாலும் வகை கெடாது என்று பேர்லின் இலக்கணமே சொல்லியிருந்தது. அதை வேலியாக்கியவர்கள் சுவைஞர்களே. இலக்கணம் கற்பிக்கும் எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.