ஏலமலைச் சரிவில் ஒரு முன்னோர் தேடல்: சேகரப் பதிவேடுகளும் உயில்களும்

முன்னுரை

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால் ஏலமலைச் சரிவு சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். இன்று போடிமெட்டுச் சாலை அச்சரிவை வளைந்து வளைந்து ஏறுகிறது. சாலை தோன்றுவதற்கு முன்பே குரங்கணி, கொட்டகுடி ஊர்களின் வழியே கால்நடைப் பாதைகள் இருந்தன. ஏலக்காய் மூட்டைகள் அவ்வழியே இறங்கின; அரிசியும் உப்பும் அவ்வழியே ஏறின. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் என்னும் அளவையாளரும் இம்மலைத்தொடரில் ஏறி இறங்கியவர்களே. அவர்களுக்குப் பின்னர் காப்பிக்கும் தேயிலைக்கும் நிலம் தேடி வந்த வெள்ளையருள் ஸ்காட்லாந்து நாட்டவர் பலர். ஏலமலையை அடுத்த கண்ணன் தேவன் மலைகளின் தேயிலைத் தோட்டங்களை வளர்த்த பின்லே நிறுவனம் கிளாஸ்கோ நகர வணிகருடையது. அத்தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்தது.

வந்தவர்கள் தோட்டங்களையும் கல்லறைகளையும் மட்டும் விட்டுச் செல்லவில்லை. குழந்தைகளையும் விட்டுச் சென்றனர். அக்குழந்தைகளின் வழிவந்தோர் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒளிப்படி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். தந்தையின் பெயர், தொழில், ஊர் ஆகியன தெளிவாக இருந்தன. தாயின் பெயருக்குரிய இடத்தில் 'உள்நாட்டுப் பெண்' என்று பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களே இருந்தன. "தமிழ்ப் பெயர் ஏதேனும் இதில் மறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மறைந்திருக்கவில்லை. அவ்விரு சொற்களே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். ஸ்காட்லாந்து முன்னோர் ஒருவரைச் சேகரப் பதிவேடுகளும் உயில்களும் எந்த அளவுக்குக் காட்டும், யாரைக் காட்டாமல் விடும் என்பதை ஆராய இது முற்படுகிறது.

மூன்று மன்றோக்கள்

முன்னோர் தேடலில் முதல் இடர்ப்பாடு பெயர் மயக்கம். தென்னாட்டு வரலாற்றில் மன்றோ என்னும் பெயருடையோர் மூவர் புகழ்பெற்றுள்ளனர். முதலாமவர் சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ. இவர் 1761இல் கிளாஸ்கோவில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்து, 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். இரண்டாமவர் 1810இல் திருவிதாங்கூரின் ரெசிடெண்டாக வந்து, அடுத்த ஆண்டு முதல் 1814 வரை திவானாகவும் விளங்கிய கர்னல் ஜான் மன்றோ. இவர் ஸ்காட்லாந்தின் வடபகுதியில் ஆல்னஸ் ஊரை அடுத்த டீனினிக் குடும்பத்தவர். கொல்லத்துக்கு அருகிலுள்ள மன்றோத்துருத்து இவர் பெயரால் அமைந்தது. மூன்றாமவர் ஜான் டேனியல் மன்றோ. 1877 ஜூலை 11ஆம் நாள் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதிப் பெற்றவர் இவரே. அவ்வாவணம் இவரை லண்டனையும் பீர்மேட்டையும் சார்ந்த காப்பித் தோட்டக்காரர் எனக் குறிக்கிறது.

மக்கள் வழக்கில் இம்மூவரும் ஒருவராகிவிடுவதுண்டு. ஆளுநர் மன்றோ மலையேறி வந்து தோட்டம் போட்டார் என்று சொல்வாரும் உளர். ஆவணத்தில் மலையைப் பெற்ற ஆண்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஆளுநர் மறைந்துவிட்டார் என்னும் ஒரு செய்தியே இம்மயக்கத்தைத் தீர்க்கப் போதுமானது. பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றாகாது. பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே தருவது சேகரப் பதிவேடு.

ஸ்காட்லாந்துப் பதிவேடுகளின் இயல்பு

ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபையாரும் ஊர்களும் சேர்ந்த வட்டம் சேகரம் எனப்படும். ஸ்காட்லாந்தில் 1855ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதியத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்துக்குச் சேகரங்களில் எழுதப்பெற்ற ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே ஆதாரம்.

இப்பதிவேடுகளில் ஒரு சிறப்பு உண்டு. ஸ்காட்லாந்தில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை ஆவணங்களில் இழப்பதில்லை. குழந்தையின் ஞானஸ்நானத்தை எழுதும்போது தாயின் பெயரை அவள் தந்தை வீட்டுப் பெயரோடு எழுதுவதே அங்குப் பெருவழக்கு. இதனால் தந்தை வழியை மட்டுமன்றித் தாய் வழியையும் பின்தொடர்ந்து செல்ல முடிகிறது.

பெயரிடும் முறையும் தேடுவோர்க்குத் துணையாகும். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவது அந்நாட்டுப் பழைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் 'பெயரன்' என்று வழங்கும் தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வழக்கம் எல்லாக் குடும்பத்திலும் தவறாது பின்பற்றப்படவில்லையாயினும், ஒரே பெயருடைய இருவருள் நம் முன்னோர் யார் என்று துணிவதற்கு இது கைகொடுக்கும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஸ்காட்லாந்துச் சேகரங்களில் மூப்பர்கள் கூடும் மன்றம் ஒன்று இருந்தது. மணமாகாத பெண் தாயானால் அம்மன்றம் அவளை அழைத்துத் தந்தை யார் என்று வினவியது. அவனையும் அழைத்து விசாரித்தது. அது கடுமையும் அவமானமும் நிறைந்த விசாரணைதான். ஆயினும் அதனால் தாய், தந்தை இருவர் பெயரும் ஏட்டில் ஏறின. குழந்தையைக் காக்கும் பொறுப்பு எவருடையது என்பதும் தெளிவாயிற்று.

சென்னை மாகாணப் பதிவேடுகள்

ஸ்காட்லாந்தை விட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்தவரின் வாழ்க்கை வேறு ஏடுகளில் தொடர்கிறது. கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பெற்றது. அதன் பதிவேடுகளும் அவ்வாண்டிலேயே தொடங்குகின்றன. ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்கென எழும்பூரில் புனித அந்திரேயா ஆலயம் 1821இல் திறக்கப்பெற்றது. மாகாணமெங்குமிருந்த குருமார் தம் பதிவேடுகளின் படிகளைச் சென்னை வழியாக லண்டனுக்கு அனுப்பினர். 1698 முதல் 1948 வரையிலான அப்படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

இங்கேதான் வேறுபாடு புலனாகிறது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரை எழுதும் ஊரில் பிறந்தவர், தமக்கு இந்நாட்டுப் பெண்ணிடம் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும்போது, தாயின் பெயர் பலமுறை எழுதப்படாமலே போயிற்று. ஊரில் மூப்பர் மன்றம் தந்தையின் பெயரைத் தேடி எழுதியது. இங்கே தந்தை பெயர் நின்றது. தாயின் பெயர் மறைந்தது. சில பதிவுகளில் ஞானஸ்நானத்தின்போது அவளுக்கு இடப்பட்ட மேரி, எலிசபெத் போன்ற பெயர் மட்டும் இருக்கும். அவள் தந்தை யார், ஊர் எது என்பவை இரா. அப்பெயரைக் கொண்டு ஒரு தலைமுறைகூடப் பின்னோக்கிச் செல்ல இயலாது.

மலைமேல் உள்ள இரு கல்லறைத் தோட்டங்களை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பீர்மேட்டை அடுத்த பள்ளிக்குன்றில் புனித ஜார்ஜ் ஆலயம் உள்ளது. ஜான் டேனியல் மன்றோவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அவர் ஏறித் திரிந்த 'டவுனி' என்னும் குதிரைக்கும் அங்கே கல்லறை உண்டு. அதன் பெயரையும் ஊரார் மறக்கவில்லை. மூணாற்றில் எலினார் இசபெல் மே நைட் என்னும் இளம்பெண் 1894 டிசம்பர் 23ஆம் நாள் காலராவால் இறந்தார். அவரை அடக்கம் செய்த குன்றின் அடியில்தான் பின்னர் கிறிஸ்து ஆலயம் எழுந்து 1911இல் அர்ப்பணிக்கப்பெற்றது. ஆலயத்துக்கு முன்பே கல்லறை தோன்றிய இடம் அது. அவர்தம் பெயர் நிலைத்தது நன்றே. ஆனால் அதே மலைகளில் நோயால் மாண்ட தமிழ்த் தொழிலாளர் பெயர்களை இவ்வேடுகளில் தேடிப் பயனில்லை. வெள்ளையர் இல்லங்களில் வாழ்ந்து குழந்தை பெற்ற பெண்கள் பலரின் நிலையும் அதுவே.

உயில் சொல்லும் உண்மை

பதிவேடு விட்டதை உயில் சில வேளைகளில் தருகிறது. இறந்தவரின் உயில் மெய்யானது என நீதிமன்றம் அளிக்கும் ஒப்புதலை வழக்கறிஞர்கள் 'புரொபேட்' என்பர். சென்னையில் 1801இல் நிறுவப்பெற்ற உச்ச நீதிமன்றமும், பின்னர் 1862இல் தோன்றிய உயர் நீதிமன்றமும் அதை வழங்கின. உயில்களின் படிகளும், இறந்தவர் விட்டுச்சென்ற பொருள்களின் பட்டியல்களும் லண்டனுக்குச் சென்றன. ஸ்காட்லாந்துக்கு வெளியே இறந்த அந்நாட்டவரின் அங்குள்ள சொத்து பற்றிய ஆவணங்களை எடின்பரோ நீதிமன்றப் பதிவுகளில் தேட வேண்டும்.

உயில் ஏன் உண்மை பேசுகிறது? அக்காலச் சட்டப்படி மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தையின் சொத்தில் உரிமையில்லை. மணமாகாமல் உடன் வாழ்ந்த பெண்ணுக்கும் இல்லை. ஆகவே அவர்களுக்கு ஏதேனும் சேர வேண்டுமென்றால் உயிலில் எழுதியே ஆக வேண்டும். குருவானவர் முன் வாய்திறவாதவர் மரணத்தின் முன் எழுதினார். ஆயினும் அவ்வெழுத்திலும் ஒரு மறைப்பு இருந்தது. மனைவிபோல் வாழ்ந்தவள் 'வீட்டைப் பார்த்துக்கொள்பவள்' ஆனாள். மகள் 'என் மகள் எனப்படுபவள்' ஆனாள்.

இதற்குத் தக்க சான்று சூரத்தில் கிடைக்கிறது. அபர்தீன் பகுதியைச் சேர்ந்த தியோடர் போர்ப்ஸ் (1788–1820) சூரத்தில் கும்பெனிப் பணியிலிருந்து, பின்னர் பம்பாயில் போர்ப்ஸ் வணிக நிறுவனத்தின் பங்காளியானவர். சூரத்தில் எலைசா கெவார்க் என்னும் பெண்ணோடு வாழ்ந்தார். அவர்களின் மகள் கேத்தரின் 1812இல் பிறந்தாள். போர்ப்ஸ் 1820இல் தாயகம் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார். அவர் உயில் எலைசாவை வீட்டுப் பணியாளராகவே குறிக்கிறது. சிறுவயதிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பெற்ற கேத்தரின் அங்கு வளர்ந்து, மணந்து, 1893இல் மறைந்தார். தாய் சூரத்திலேயே தங்கிவிட்டார். எலைசாவை ஆர்மீனியர் என்றே குடும்பத்தார் பின்னாளில் கூறிவந்தனர். 2013இல் கேத்தரினின் பெண்வழி வந்தோரிடம் மேற்கொண்ட மரபணுச் சோதனை, அவர் தாய்வழி இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது எனக் காட்டியது. அப்பெண்வழியில் தோன்றியவரே இங்கிலாந்து இளவரசி டயானா.

ஏடு மறைத்த தாயை மகள்களின் உடல் காத்து வந்தது எனலாம். ஆயினும் எலைசா ஒரு வகையில் பேறு பெற்றவர். உயிலிலும் கடிதங்களிலும் அவர் பெயர் எஞ்சியது. பெயரே எஞ்சாதவர்களுக்கு எந்தச் சோதனையும் பெயரைத் தராது.

போடியில் தேடத்தக்கவை

இந்நிலையில் தேடுவோர் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, வாழ்வோரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புகழ்பெற்ற ஒருவரை முன்னோர் என வைத்துக்கொண்டு கீழே இறங்கி வருவது பொய்க் கொடிவழியில் முடியும். இரண்டாவதாக, ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோர் பெயர்களையும், திருமணப் பதிவில் சாட்சிகளின் பெயர்களையும் விடாது குறித்துக்கொள்ள வேண்டும். உறவினரும் தொழிற்பங்காளிகளும் பெரும்பாலும் அங்கேதான் நிற்பர். மூன்றாவதாக, உயிலில் வேலையாட்களுக்கு எழுதிய சிறு தொகைகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். வேலைக்குரிய ஊதியத்துக்கு மிஞ்சிய கொடை ஏதேனும் இருப்பின் அது வேறோர் உறவின் குறிப்பாகலாம்.

நான்காவது வழி நம் ஊரிலேயே உள்ளது. 1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பின் நிலமும் வீடும் கைமாறியபோது பத்திரங்கள் பதிவாயின. நம் பத்திரங்களில் ஒரு பெண் 'இன்னார் மகள், இன்ன ஊரில் இருக்கும் இன்னார்' என்றே எழுதப்படுவாள். பெயர் இல்லாமல் ஞானஸ்நானப் பதிவு நிறைவுபெறலாம். பெயர் இல்லாமல் ஒரு குழி நிலம்கூடக் கைமாறாது. தோட்டக்காரர் ஒருவர் தம்மோடு வாழ்ந்த பெண்ணுக்கு மலையடிவாரத்தில் வீடு வாங்கித் தந்திருப்பின், லண்டன் ஏட்டில் இல்லாத அவள் பெயர் சார்பதிவாளர் அலுவலக ஏட்டில் இருக்கக்கூடும். ஆங்கில ஏடுகளை மட்டும் நம்பித் தேடுவோர் இங்கு வந்து தமிழ் ஏடுகளையும் புரட்ட வேண்டுவதன் காரணம் இதுவே.

ஐந்தாவது, குடும்பத்து மூதாட்டியரின் நினைவு. அதை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது. ஆவணத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஆனால் எந்த ஊரில், எந்த ஆலயத்தில் தேடுவது என்று அந்நினைவே வழிகாட்டும்.

முடிவுரை

வெள்ளைக்காரப் பாட்டனார் ஒருவரைக் கண்டுபிடிப்பதில் சிலர் பெருமை கொள்கின்றனர், சிலர் நாணுகின்றனர். இரண்டும் தேவையில்லை என்பது என் கருத்து. அப்பாட்டனாரின் பெயர் எப்போதும் தொலைந்ததில்லை. அவர் பிறந்த சேகரம், படித்த பள்ளி, வாங்கிய நிலம், விட்ட பணம் எல்லாம் ஏட்டில் உள்ளன. தேட வேண்டியிருப்பது அவரோடு வாழ்ந்த பெண்ணின் பெயரை. சேகரப் பதிவேட்டையும் உயிலையும் படிப்பதன் பயன், எழுதப்பட்டதை அறிவது மட்டுமன்று. எழுதாமல் விட்ட இடம் எது என்று துல்லியமாகக் காண்பதுமாகும். அவ்விடம் தெரிந்தால்தான் அதை நிரப்ப எங்கே செல்ல வேண்டும் என்பது தெரியும்.

இத்தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர். ஆநிரைப் பூசலில் பட்ட ஒருவனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தாயின் பெயர் இம்மண்ணிலேயே தெரியாமற் போனது நம் காலத்துக் குறை. என்னிடம் வந்தவரிடம் போடியிலும் பெரியகுளத்திலும் பழைய பத்திரங்களைப் பார்க்குமாறு சொல்லி அனுப்பினேன். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் அன்பர்கள் தத்தம் வீட்டுப் பழம்பெட்டிகளில் உள்ள பத்திரங்களையும் கடிதங்களையும் எரிக்காமலும் எடைக்குப் போடாமலும் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களானால், இவ்வாறு விடுபட்ட பெயர்களுள் ஒன்றேனும் மீளக்கூடும்.